ஒப்புதல் வேண்டாம், இசைவு போதும்

எந்தச் செயலியைத் திறந்தாலும் பெயர், பிறந்த தேதி, இருப்பிடம் எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரு பொத்தான்: ‘ஒப்புதல் அளிக்கிறேன்’. கன்சென்ட் (consent) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ‘ஒப்புதல்’ என்று போடுவதை இனியாவது நிறுத்த வேண்டும்.

கன்சென்ட் லத்தீனிலிருந்து வந்தது. ‘சேர்ந்து’, ‘உணர்தல்’ என்று இரண்டு வேர்கள். ஒருவர் கேட்க, மற்றவர் மனமுவந்து உடன்படுவது.

ஒப்புதலுக்கு நம்மிடம் ஏற்கெனவே வேறு வேலைகள் இருக்கின்றன. கோப்புக்கு மேலதிகாரி தருவது ஒப்புதல். குற்றம் செய்தவர் தருவது ஒப்புதல் வாக்குமூலம். முன்னவர் அதிகாரத்தில் இருப்பவர், பின்னவர் மாட்டிக்கொண்டவர். தன் தகவலைத் தரலாமா வேண்டாமா என்று யோசிக்கும் பயனர் இந்த இருவரில் யாருமில்லை. அப்புறம், கன்சென்டைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடப்பில் உள்ள பொதுத் தரவுப் பாதுகாப்பு விதிமுறை, தருவது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாகத் திரும்பப் பெறவும் வழி வேண்டும் என்கிறது. தமிழிலோ ஒப்புக்கொண்டதிலிருந்து பின்வாங்கினால் அவர் பேச்சு மாறியவர். பயனரை அந்த இடத்தில் நிறுத்துவது அநியாயம்.

சம்மதம் எல்லோருக்கும் புரியும். வடசொல் என்பதற்காக மட்டும் அதைத் தள்ள மாட்டேன். ஆனால் ‘மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி’ என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். பேசாமல் இருப்பதும், முன்கூட்டியே டிக் அடித்து வைத்த கட்டமும் கன்சென்ட் ஆகாது என்று அதே விதிமுறையின் முகவுரை சொல்கிறது.

இசைவுதான் பொருந்தும். இசைதல் என்றால் ஒத்துப்போதல், உடன்படுதல். ‘இசைவுத் தீட்டு’ என்று உடன்படிக்கை ஆவணத்துக்கே பழைய பெயர் உண்டு. ‘இசைவு தருகிறேன்’, ‘இசைவைத் திரும்பப் பெறு’ இரண்டும் பொத்தானில் அடங்கும். சேவை நிபந்தனைகளுக்கு ‘ஏற்கிறேன்’ போடுங்கள், அது வேறு விஷயம்.

இன்னொரு கொடுமை, ‘தொடர்வதன் மூலம் நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்கள்’. தமிழில் யார் இப்படிப் பேசுகிறார்கள்? எதற்கு ஒப்புக்கொள்கிறோம் என்பது நாலு வரி தாண்டித்தான் வரும். ஆங்கில வாக்கியத்தை வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் நிரப்பினால் இப்படித்தான் ஆகும். ‘பிறந்தநாள் வாழ்த்து அனுப்ப உங்கள் பிறந்த தேதியைச் சேமித்துக்கொள்ளலாமா?’ என்று கேளுங்கள். கீழே ‘சேமிக்கலாம்’, ‘வேண்டாம்’ என்று ஒரே அளவில் இரண்டு பொத்தான்கள் வையுங்கள். இசைவு என்ற சொல்லைக்கூட அங்கே எழுத வேண்டியிருக்காது.