நித்தியகல்யாணிக் கஷாயம் குடிப்பவர்களுக்கு ஒரு மருந்தாளுநரின் வேண்டுகோள்

சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு, வாசலில் பூத்த நித்தியகல்யாணியின் இலையையும் பூவையும் கொதிக்கவைத்துக் குடித்துவந்த பெரியவர் ஒருவரை, சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறிய நிலையில் அண்மையில் எங்கள் மருத்துவமனைக்கு அழைத்துவந்தார்கள். இப்படி வருபவர்களில் அவர் முதலாமவர் அல்லர். மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டதற்கு, "கேன்சருக்கே இதிலிருந்துதான் மருந்து எடுக்கிறாங்க, சுகருக்குக் கேட்காதா சார்?" என்று அவருடைய மகன் திருப்பிக் கேட்டார்.

அந்த மருந்து எப்படிக் கிடைத்தது என்று தெரிந்திருந்தால் அவர் அப்படிக் கேட்டிருக்க மாட்டார். நித்தியகல்யாணியின் தாயகம் ஆப்பிரிக்காவை அடுத்துள்ள மடகாஸ்கர் தீவு. அங்கே நாட்டு மருத்துவத்தில் இருந்த இச்செடி வெப்ப நாடுகளெங்கும் பரவியது. ஜமைக்காவில் இதன் இலைத் தேநீரைச் சர்க்கரை நோய்க்குக் குடித்தார்கள். 1952ஆம் ஆண்டு அங்கிருந்து சில இலைகள் கனடாவுக்கு அனுப்பப்பட, ராபர்ட் நோபிள் என்ற ஆய்வாளர் அதன் சாற்றை எலிகளிடம் சோதித்தார். வாய்வழியாகக் கொடுத்தபோது ரத்தச் சர்க்கரை குறையவில்லை. ஊசியாகச் செலுத்தியபோதோ, வெள்ளணுக்கள் சரிந்து, எலிகள் கிருமித்தொற்றால் இறந்தன. பெருகும் அணுக்களை அழிக்கும் அந்த நச்சுத்தன்மையைப் பின்தொடர்ந்துதான் அவரும் சக ஆய்வாளர் சார்லஸ் பியரும் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். அதே செடியிலிருந்து அடுத்து வந்த வின்கிறிஸ்டின் என்ற மருந்து 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் அது இன்றியமையாதது. (செடியைத் தந்த மடகாஸ்கருக்கு இம்மருந்துகளின் வருமானத்தில் பங்கு கிடைக்கவில்லை என்பது தனி வேதனை.)

இலையில் இருப்பது மருந்தின் மென்மையான வடிவம் என்ற எண்ணம்தான் என்னை மிகவும் சலிப்படையச் செய்கிறது. இச்செடியில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள், அதாவது உடலில் வீரியமாக வேலை செய்யும் தாவர வேதிப்பொருள்கள், உள்ளன. ஒரு கிராம் மருந்து எடுக்கவே நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலை தேவைப்படுகிறது. ஆகவே ஒரு கைப்பிடி இலை புற்றுநோயைத் தடுக்கப் போவதில்லை. அதே வேளையில், எந்த இலையில் எந்த ஆல்கலாய்டு எவ்வளவு இருக்கும் என்று யாராலும் கணிக்க முடியாது என்பதால், மாதக்கணக்கில் குடிப்பவருக்கு அது தீங்கற்றது என்றும் சொல்ல முடியாது. இச்செடியை உட்கொண்டவர்களுக்கு, ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜை கடுமையாகப் பாதிக்கப்பட்டது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. வேரில் உள்ள அஜ்மலிசின் என்ற ஆல்கலாய்டு ரத்த அழுத்தத்தையும் குறைக்கும்.

நாங்கள் வின்கிறிஸ்டினைக் கையாளும் விதத்தைப் பாருங்கள். வயது வந்தவருக்கே ஒரு தடவைக்குப் பெரும்பாலும் 2 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. கையுறை அணிந்து, பாதுகாப்புப் பெட்டிக்குள் வைத்துத்தான் தயாரிக்கிறோம். அளவை இருவர் சரிபார்க்கிறோம். ரத்தநாளத்தில் மட்டுமே செலுத்த வேண்டும் என்ற எச்சரிக்கையை ஒட்டாமல் அது எங்கள் அறையை விட்டு வெளியே போகாது, ஏனெனில் தவறி முதுகுத்தண்டில் செலுத்தினால் உயிரே போய்விடும்.

ஆப்பிரிக்க மூலிகைகள் எல்லாமே ஆபத்தானவை என்று நான் சொல்லவில்லை. தென்னாப்பிரிக்க மக்கள் இருமலுக்குப் பயன்படுத்திய பெலர்கோனியம் வேரின் சாறு ஜெர்மனியில் சொட்டு மருந்தாக விற்கப்படுகிறது. நமீபியாவின் டெவில்ஸ் கிளா கிழங்கு மூட்டுவலிக்கான மாத்திரையாக ஐரோப்பாவில் கிடைக்கிறது. செடியின் எந்தப் பகுதி, எந்தக் கரைப்பானில், எவ்வளவு என்று வரையறுத்துச் செய்ததால்தான் அவை மருந்துக்கடைக்கு வந்தன. அப்படியும் டெவில்ஸ் கிளாவை, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

சர்க்கரை மாத்திரையையோ இன்சுலினையோ நீங்களாக நிறுத்தாதீர்கள். கர்ப்பிணிகளும், கர்ப்பம் தரிக்க எண்ணுபவர்களும், தாய்ப்பால் கொடுப்பவர்களும் இந்தக் கஷாயத்தைத் தொடவே வேண்டாம். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் எந்த மூலிகையைச் சாப்பிட்டாலும் எங்களிடம் மறைக்காதீர்கள். நாங்கள் திட்டுவோம் என்று பயந்து மறைப்பதால்தான் பாதிச் சிக்கல் வருகிறது. ஏற்கெனவே குடித்துவருபவர்கள் இன்றே நிறுத்திவிட்டு ரத்த அணுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இச்செடியின் ஆல்கலாய்டுகள் நரம்பையும் பாதிக்கக்கூடியவை என்பதால், கால் மரத்துப்போனால் அதைச் சர்க்கரையின் தலையில் மட்டும் போட்டுவிடாமல், கஷாயம் குடித்ததையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். காய்ச்சலோ வாய்ப்புண்ணோ வந்தால், அது வெள்ளணுக்கள் குறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம்; மருத்துவரைப் பார்க்க மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம்.