டிசைன் திங்கிங்: ‘வடிவமைப்புச் சிந்தனை’ ஏன் பொருந்தாது?

‘வடிவமைப்புச் சிந்தனை வழியே சமூக மாற்றம்’ என்று ஒரு பதாகை எழுதி, நீலகிரி மலையில் கோத்தகிரிப் பக்கம் ஏதாவது ஒரு ஊரில் மகளிர் குழுக் கூட்டத்தில் கட்டிப் பாருங்கள். வருகிறவர்கள் தையல் வகுப்பா, எம்பிராய்டரியா என்றுதான் கேட்பார்கள். அவர்கள் பேரில் தவறில்லை. தமிழ் பேசுகிறவர் வாயில் டிசைன் என்றால் சேலைக் கரை, ஜாக்கெட் முதுகு, கோலம், வாசல் கதவு. ‘டிசைன் டிசைனா’ என்றால் விதவிதமாக என்று பொருள். அந்த டிசைனைத்தான் ‘வடிவமைப்பு’ என்று மொழிபெயர்த்தோம், அங்கே அது பொருந்தவும் பொருந்தியது. அதே சொல்லைத் தூக்கி ‘டிசைன் திங்கிங்’ தலையில் வைத்ததுதான் பிழை. டிசைன் திங்கிங் என்பது, பயன்படுத்தப்போகிறவரின் தேவையை முதலில் அறிந்து, செய்து பார்த்து, மாற்றிக்கொண்டே போய்த் தீர்வு காண்கிற வேலைமுறை.

மூலத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். லத்தீனில் ‘சிக்னும்’ என்றால் அடையாளம், குறி. ‘தெசிக்னாரே’ என்றால் குறியிட்டுக் காட்டுதல். அங்கிருந்து இத்தாலியம், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது டிசைன். ‘டிசைன் திங்கிங்’ என்ற தொடரைத் தலைப்பாகவே கொண்டு 1987-இல் பீட்டர் ரோ கட்டடக்கலை பற்றி ஒரு நூல் எழுதினார். 1991-இல் டேவிட் கெல்லியும் கூட்டாளிகளும் தொடங்கிய ஐடியோ என்ற டிசைன் நிறுவனமும், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டிசைன் பயிற்சிக்கூடமான டி.ஸ்கூலும் அதைக் கட்டடத்திலிருந்து வெளியே கொண்டுவந்தன. இன்று அது மருத்துவமனை, பள்ளிக்கூடம், ஊராட்சி வரைக்கும் வந்துவிட்டது.

இதில் நின்று பார்க்கவேண்டிய இடம் பிரெஞ்சு. அம்மொழியில் இந்தச் சொல் எழுத்திலேயே இரண்டாகப் பிரிந்தது. ‘தெஸ்ஸேன்’ (dessein, நடுவில் ஒரு ‘e’ கூடுதலாக) என்றால் நோக்கம், மனத்தில் கொண்ட ஏற்பாடு. ‘தெஸ்ஸேன்’ (dessin, அந்தக் கூடுதல் எழுத்து இல்லாமல்) என்றால் வரைந்த படம். ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லுக்குள் வைத்துக்கொண்டது. தமிழுக்குக் கொண்டுவந்தவர்கள் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நோக்கத்தைக் கரையிலேயே விட்டுவிட்டார்கள். டிசைன் திங்கிங் முழுக்க முழுக்க அந்த விட்டுப்போன பாதியைப் பற்றியது.

1969-இல் அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன் டிசைனுக்குக் கொடுத்த விளக்கம் இத்துறையில் அடிப்படை. இருக்கிற நிலையை வேண்டிய நிலைக்கு மாற்றுவதற்கு வழிமுறை காண்கிற எவரும் டிசைன் செய்கிறவரே என்றார். அதில் வடிவம் எங்கே இருக்கிறது? மருந்து எழுதுகிற மருத்துவரும் அந்த விளக்கத்துக்குள் வருகிறார். ‘மருத்துவர் சிகிச்சையை வடிவமைத்தார்’ என்று எழுதினால் காது கூசுகிறது. ‘சிகிச்சையை வகுத்தார்’ என்றால் உறுத்தவில்லை. ஒரு சொல் பொருந்துகிறதா என்று பார்க்க இதைவிட நேரான வழி இல்லை.

நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் பழைய வீட்டை எடுத்துக்கொள்வோம். பாதிப் பீப்பாய் கவிழ்த்ததுபோல் மூங்கிலும் பிரம்பும் வளைத்து, மேலே புல் வேய்ந்தது. படம் எடுப்பவர்கள் அந்த வளைவை எடுப்பார்கள். ‘அழகான வடிவமைப்பு’ என்று எழுதுவார்கள். வடிவு என்றாலே அழகு என்றும் ஒரு பொருள் உண்டு, ஆகவே கண் அங்கேதான் போகும். ஆனால் அந்த வீட்டின் சூட்சுமம் வாசலில் இருக்கிறது. ஏறத்தாழ 3 அடி உயரம்தான், குனிந்து தவழ்ந்துதான் நுழைய முடியும். குளிர்காற்று உள்ளே வராது, உள்ளே மூட்டிய தீயின் சூடு எளிதில் வெளியேறாது, காட்டு விலங்கும் நுழையாது. உறைபனி விழுகிற மலையில் யார் தூங்கப்போகிறார்கள், எது அவர்களை வருத்தும் என்று அறிந்து செய்த வாசல் அது. வளைவு வடிவமைப்பு. வாசல் வகுத்தல்.

இப்போது அடுப்புக்கு வருவோம். மலையில் இந்த முறை எங்கே தேவைப்படுகிறது என்பதற்கு அடுப்பைவிட நல்ல சாட்சி கிடையாது. 1983-இல் நடுவண் அரசு மேம்பட்ட அடுப்புக்கென ஒரு தேசியத் திட்டம் தொடங்கியது. 2002-இல் கைவிடப்படுவதற்குள் நாடெங்கும் 3 கோடிக்கும் மேல் அடுப்புகள் போடப்பட்டன. தமிழில் அதைப் ‘புகையில்லா அடுப்பு’ என்றோம். போட்ட அடுப்புகளில் ஏராளமானவை சில ஆண்டுகளில் இடிக்கப்பட்டன, அல்லது மூலையில் கிடந்தன. வடிவத்தில் பெரிய குறை இல்லை. விறகுத் தீ வீணாகாமல் பாத்திரத்தில் படவேண்டும், புகை குழாய் வழியாக வெளியேற வேண்டும் என்ற கணக்கு சரிதான். கேட்காமல் விட்ட கேள்விகள்தான் அடுப்பை இடித்தன.

மலை வீட்டில் அடுப்பு சமையலுக்கு மட்டும் இல்லை. மார்கழி தை மாதங்களில் வீட்டாரெல்லாம் சுற்றி உட்கார்ந்து குளிர்காய்வது அங்கேதான். அடுப்புக்கு மேலே பரணில் விறகு காயும். கோத்தகிரி, குன்னூரில் ஐப்பசி மழை, கூடலூர், பந்தலூரில் ஆடி மழை. அந்த மாதங்களில் வெளியே வைத்த சீகை விறகு காயவே காயாது. காலையில் வெந்நீர் அண்டாவும் அதே அடுப்பில்தான் ஏறவேண்டும். புதிய அடுப்பு புகையோடு சூட்டையும் குழாய் வழியாக வெளியே அனுப்பியது. பரண் விறகு காயவில்லை. ஈர விறகின் புகை குளிர்ந்த குழாயில் படிந்து தார்போல் ஒட்டியது. குழாய் வாரக்கணக்கில் சுருங்கி, அடைத்து, புகை திரும்ப வீட்டுக்குள்ளேயே வந்தது. அரிசிப் பானைக்கென்று வைத்த துளையில் அண்டா உட்காரவில்லை. அடுப்பின் வாய் சிறியது என்பதால் 4 அடிக் கட்டையை அப்படியே செருகி, எரிய எரியத் தள்ளுவதற்கு வழியில்லை. சிறிதாகப் பிளக்க வேண்டும், அந்தக் கோடரி வேலை பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுந்தது.

குழாய் அடைத்ததும் வீட்டார் குழாயைப் பிடுங்கினார்கள். வந்து பார்த்தவர்கள் ‘மக்களிடம் விழிப்புணர்வு இல்லை’ என்று எழுதிக்கொண்டு போனார்கள். இந்த ‘விழிப்புணர்வு’ என்ற சொல்லும் தனியாகக் கண்டிக்கப்பட வேண்டியது. மலையில் நடக்கிற எந்த முகாமும் ‘விழிப்புணர்வு முகாம்’. ஊர்க்காரர்கள் தூங்குகிறார்கள், வந்தவர் எழுப்புகிறார் என்ற நினைப்பு அதில் இருக்கிறது. டிசைன் திங்கிங் இதற்கு நேர் எதிர். அங்கே முதலில் கற்றுக்கொள்ள வேண்டியவர் வெளியிலிருந்து வருகிறவர்.

‘வடிவமைப்புச் சிந்தனை’யில் இரண்டாவது பாதியும் சரியில்லை. சிந்தனை என்றால் நமக்கு உட்கார்ந்து யோசிப்பது. சிந்தனையாளர் என்றால் மேடையில் பேசுகிறவர். ஆங்கிலத்தில் இத்தொடரில் வருகிற ‘திங்கிங்’ ஒரு வேலைமுறையைக் குறிக்கிறது. அதில் பெரும்பகுதி நடப்பது, பார்ப்பது, கேட்பது, செங்கல் அடுக்குவது, பிரிப்பது. சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் வேலை மறைந்து யோசனை மட்டும் மிஞ்சியது. பயிற்சிக்கு வந்தவர்கள் சுவரில் வண்ணச் சீட்டு ஒட்டிவிட்டு, ஒரு வீட்டு அடுப்பைக்கூடப் பார்க்காமல் எழுந்து போவதற்கு இந்தப் பெயரும் ஒரு காரணம்.

ஆகவே ‘அறிந்து வகுத்தல்’ என்பது என் முடிவு.

வகுத்தல் என்றதும் பள்ளிக் கணக்கு நினைவுக்கு வருகிறதே என்பார்கள். வரட்டும். திட்டம் வகுத்தல், வியூகம் வகுத்தல் என்று நாள்தோறும் செய்தித்தாளில் படிக்கிறவர் யாரும் அங்கே கணக்கை நினைப்பதில்லை. வகு, வகை, வகுப்பு, வகிடு எல்லாம் ஒரே குடும்பம். தலைமுடியில் சீப்பு நுனியால் கோடு கிழித்து இரண்டு பக்கமும் ஒதுக்குகிற வகிடுதான் லத்தீன் ‘தெசிக்னாரே’க்கு மிக அருகில் நிற்கிறது. குறியிட்டு, பிரித்து, இது இங்கே என்று ஒழுங்கு செய்தல். குறள் 385-இல் ‘காத்த வகுத்தலும் வல்ல தரசு’ என்று வருகிற வகுத்தல், சேர்த்துக் காத்த பொருளை இன்னதற்கு இவ்வளவு என்று ஏற்பாடு செய்வது. நோக்கமும் ஒழுங்கும் அந்தச் சொல்லில் ஒருங்கே இருக்கின்றன.

‘அறிந்து’ எதற்கு? அது 469-ஆம் குறளில் இருக்கிறது. ‘நன்றாற்ற லுள்ளும் தவறுண்டு அவரவர் பண்பறிந் தாற்றாக் கடை.’ நல்லது செய்வதிலும் தவறு உண்டு, யாருக்குச் செய்கிறோமோ அவரவர் இயல்பை அறிந்து செய்யாவிட்டால். வள்ளுவர் அன்றைக்கே டிசைன் திங்கிங் சொன்னார் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் அங்கே அரசனின் வினையைப் பேசுகிறார், அப்படி இழுப்பது இரண்டுக்கும் நியாயமில்லை. சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ‘அறிந்து’ என்ற வினையெச்சம் முன்னால் நிற்பதால், எது முதலில் நடக்கவேண்டும் என்பது பெயரிலேயே தெரிகிறது. ‘வடிவமைப்புச் சிந்தனை’யில் அந்த வரிசை கிடையாது.

‘திட்டமிடல்’ போதாதா என்று கேட்கலாம். போதாது. திட்டம் முதலிலேயே முடிவானது, அறிந்து வகுத்தலில் செய்து பார்த்து மாற்றிக்கொண்டே போவோம். ‘டிசைன் திங்கிங்’ என்று அப்படியே எழுதுவதில் எனக்குப் பெரிய பகை இல்லை. கல்லூரியில் அது நடக்கும், ஊர்க்கூட்டத்தில் நடக்காது. பேச்சில் சொல்லவேண்டுமானால் ‘தோது பார்த்துச் செய்தல்’ என்பதே எல்லாவற்றிலும் நல்லது. ‘இந்தப் பை தோதா இல்லை’ என்று கொழுந்து பறிக்கிற பெண் சொல்கிற ஒரு வாக்கியத்தில், பையின் எடை, முதுகில் பட்டை அறுக்கிற இடம், அடியில் அமுங்கிய கொழுந்து சூடேறிச் சிவந்துபோவது எல்லாம் அடக்கம்.

இனி, டிசைன் திங்கிங்கை வழக்கமாகப் பிரித்துச் சொல்கிற ஐந்து படிகளின் பெயர்கள். முதற்படியான ‘எம்பதி’யைப் ‘பச்சாதாபம்’ என்று எழுதுகிறார்கள். இது பெருந்தவறு. பச்சாத்தாபம் வடமொழியில் ‘பின்னால் எரிவது’, அதாவது செய்த குற்றத்துக்கு வருந்துவது. தமிழில் அது இரக்கமாகத் திரிந்தது. இரண்டுமே இங்கே வேண்டாதவை. அடுப்பு ஊதுகிறவருக்கு இரக்கப்பட்டு ஆவதொன்றுமில்லை. காலை 5 மணிக்கு அந்த அடுப்பு மூட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குப் பெயர் ‘கூட இருந்து அறிதல்’. நூல் வழக்கில் ‘ஒத்துணர்தல்’ எனலாம். இரண்டாவது ‘வரையறுத்தல்’ அல்ல, ‘குறை இன்னதென்று சொல்லுதல்’. ‘புகை போகவேண்டும்’ என்பது அரைகுறை. ‘புகை போகவேண்டும், சூடு தங்கவேண்டும், பரண் விறகு காயவேண்டும், அண்டா உட்காரவேண்டும்’ என்பதுதான் முழுக் குறை. மூன்றாவது ‘வழி தேடல்’. அதைக் ‘கருத்தாக்கம்’ என்கிறார்கள், அதுவோ வேறொரு பொருளுக்கு முன்பே பதிவான சொல். நான்காவது ‘மாதிரி’. ‘முன்மாதிரி’ என்றால் பின்பற்றத்தக்கவர், காமராசரைச் சொல்வதுபோல. மாதிரியோ தள்ளிவிடுவதற்கென்றே செய்யப்படுவது. 20 செங்கல்லைச் சிமென்ட் இல்லாமல், செம்மண்ணும் சாணமும் பூசி அடுக்கினால் அடுப்பு மாதிரி. வாய் சிறிதென்றால் மறுநாளே ஒரு கல்லை எடுத்துவிடலாம்.

ஐந்தாவதற்குத் தமிழில் மிக நல்ல சொல் கையிருப்பில் இருக்கிறது. தேருக்கும் கப்பலுக்கும் சொல்கிறோமே, வெள்ளோட்டம். அதை விட்டுவிட்டுச் ‘சோதனை’ என்று எழுதுவது வீட்டாருக்குத் தேர்வு வைப்பதுபோல் இருக்கிறது. அடுப்பு வெள்ளோட்டம் கடினமில்லை. காலையில் 10 கிலோ விறகைக் கட்டி வைத்து, அதிலிருந்து மட்டும் எரிக்கச் சொல்லி, மறுநாள் அதே நேரம் மிச்சத்தை நிறுக்க வேண்டும். பழைய அடுப்பில் 3 நாள், மாதிரியில் 3 நாள். விருந்தாள் வந்த நாளைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. பழைய அடுப்புக்குக் காய்ந்த விறகும் புதியதற்கு ஈர விறகும் போய்விட்டால் கணக்கு முழுக்கப் பொய்யாகும்.

இதோடு ஒட்டி வருகிற ‘மைண்ட்ஃபுல் சிம்ப்ளிசிட்டி’யை, அதாவது கவனத்தோடு கூடிய எளிமையை, ‘நினைவாற்றல் எளிமை’ என்று பெயர்க்கிறார்கள். நினைவாற்றல் பரீட்சைக்கு வல்லாரைக் கீரை சாப்பிட்டு வளர்ப்பது. ‘மைண்ட்ஃபுல்’ என்று பெயர்க்கப்பட்ட பௌத்தச் சொல்லுக்குப் பாலி மொழியில் நினைவு என்ற பொருள் உண்டு என்பது மெய், ஆனால் தமிழ்ப் பௌத்தம் புத்தரின் எட்டு வழிகளில் அதற்கு ‘நற்கடைப்பிடி’ என்றே பெயர் வைத்தது. கடைப்பிடி என்பதற்குப் பழைய உரை ‘கொண்ட பொருள் மறவாமை’ என்று விளக்கம் தருகிறது. எதற்காகத் தொடங்கினோம் என்பதை மறக்காமல், தேவையற்றதைக் கழற்றிக்கொண்டே வருவது. ‘எளிமை’யை மட்டும் தனியே விட்டால் எளியவர், ஏழை என்ற நிழல் விழுகிறது, ஏழைகளுக்கு இது போதும் என்று படிக்க இடமாகிறது. அதனால் ‘குறிமறவா எளிமை’ என்று சொல்லலாம்.

‘சமூக மாற்றம்’ என்பதிலும் கை வைக்கத்தான் வேண்டும். மலையானாலும் சமவெளியானாலும் ‘எங்க சமூகம்’ என்றால் பெரும்பாலும் சாதி. மூலத்தில் சொல்வது ஒரே தண்ணீர்த் தொட்டியையும் ஒரே பாதையையும் பயன்படுத்துகிற மக்களை. அதற்கு ‘ஊர்’ என்ற சொல் இருக்கிறது.

அந்தப் பதாகையை இப்படி எழுதலாம்: ‘நம்ம ஊர் அடுப்பு: அறிந்து வகுத்தல். முதல் இரண்டு நாள் வீடு வீடாக. மூன்றாம் நாள் மாதிரி. பிறகு ஒரு வாரம் வெள்ளோட்டம். வரும்போது உங்கள் வெந்நீர் அண்டாவின் அடி அகலத்தை ஒரு நூலில் அளந்து எடுத்து வாருங்கள்.’