ஒரு பெல்ட், முப்பத்தாறு வரிகள்

மும்பையின் சயான்–பாந்த்ரா இணைப்புச் சாலைத் தோல் கடைகளில் தொங்கும் ஒரு பெல்ட்டை எடுத்துக்கொள்வோம். தாராவித் தோல் தொழிலில் தலைமுறைகளாக ஊறிய தமிழ் வியாபாரியிடம் கேட்டால், "ஏழாம் நம்பர் பெல்ட்" என்பார். அவருக்கு அது ஒரே சரக்கு. இணையக் கடைக்கு அப்படியல்ல. இடுப்பளவு 30 முதல் 40 அங்குலம் வரை ஆறு, நிறம் மூன்று, பக்கிள் இரண்டு: பெருக்கினால் 36 சரக்குகள். நாற்பது வடிவங்கள் வைத்திருப்பவருக்கு 1,440 வரிகள். இதைக் கையால் தட்டச்சு செய்பவரின் பொறுமையைப் பாராட்டலாம், துல்லியத்தை நம்ப முடியாது.

நிரலுக்கு இந்தப் பெருக்கல் மிக எளிது. சேர்க்கைகளை வரிசையாக உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் எஸ்.கே.யு. என்ற அடையாளக் குறியை ஒட்டிவிடும். சிக்கல் இரண்டாம் முறை ஓடும்போதுதான் வருகிறது. புதிதாக ஒரு நிறம் சேர்ந்ததும் நிரலை மீண்டும் ஓட்டுகிறோம்; பழைய 36 வரிகளும் இன்னொரு பிரதியாக முளைத்துவிடக் கூடாது. அதனால் குறியை வடிவ எண், நிறம், அளவு, பக்கிள் ஆகியவற்றிலிருந்தே கோக்க வேண்டும். ஓடும் நேரத்தையோ வரிசை எண்ணையோ அதில் கலந்தால் ஒவ்வொரு முறையும் வேறு குறி பிறக்கும். குறி ஏற்கெனவே இருந்தால் விவரத்தைத் திருத்து, இல்லையென்றால் சேர். இவ்வளவுதான் விதி.

எக்செல் வழியாகத் தகவல் வருமானால் கூடுதல் கவனம் தேவை. இந்தியாவில் பதிவான 13 இலக்கப் பார்கோடு எண்கள் 890 என்று தொடங்கும். எக்செல் அதை எண்ணாகக் கருதி 8.9 பெருக்கல் பத்தின் அடுக்கு பன்னிரண்டு என்று சுருக்கிக் காட்டும், அப்படியே சி.எஸ்.வி. என்ற, காற்புள்ளிகளால் பிரித்த வெறும் உரைக் கோப்பாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் போயே போய்விடும். அந்த நெடுவரிசையை எழுத்தாக அறிவித்துவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

பொருளின் விவரம் ஒருபுறம் இருக்கட்டும். எத்தனை இருக்கிறது என்பதை அதனோடு ஒரே வரியில் வைப்பது, என் பார்வையில், இந்த வேலையில் செய்யக்கூடிய மிக மோசமான சிக்கனம். விவரம் எப்போதோ மாறும். எண்ணிக்கை நிமிடத்துக்கு நிமிடம் மாறும். காலையில் எடுத்த கோப்பை மாலையில் ஏற்றினால், இடையில் விற்றதெல்லாம் விற்காததாகிவிடும்.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாங்கினாலும் இதே வம்புதான். இருவருக்குமான கணக்கும் இருப்பை 14 என்று படிக்கிறது, ஒன்றைக் கழித்து 13 என்று எழுதுகிறது. போனது இரண்டு பெல்ட், குறைந்தது ஒன்று.

மெஜெண்டோ என்ற இணையக் கடை மென்பொருளின், 2018இல் வந்த 2.3 பதிப்பு இதற்கு வியாபாரிகளின் பேரேட்டை ஒத்த வழியைக் கையாள்கிறது. தாராவிக் கடையில் 10, பிவண்டி கிடங்கில் 4, ஆக 14 பெல்ட்டுகள் இருக்கின்றன என்போம். மூன்றுக்கு ஆர்டர் வந்தால் 14ஐ யாரும் தொடுவதில்லை. தனி அட்டவணையில் '-3' என்று ஒரு முன்பதிவு வரி சேர்கிறது. விற்கக்கூடியது 14-3, அதாவது 11. தாராவியிலிருந்து சரக்கு அனுப்பியதும் அங்குள்ள 10, 7 ஆகிறது. கூடவே '+3' என்று இன்னொரு வரி விழுகிறது. முன்பதிவுகளின் கூட்டல் சுழியம், 7+4 மறுபடி 11. ஆர்டர் ரத்தானால் சரக்கு அசையாது, '+3' மட்டும் விழும். எந்த வரியையும் திருத்துவதில்லை என்பதால் ஒருவர் எழுதியதை மற்றவர் அழிக்க வழியில்லை.

கடைசி ஒற்றை பெல்ட்டுக்கு இருவர் ஒரே கணத்தில் மோதினால் இதுவும் போதாது. இருப்பைச் சோதிப்பதும் வரி எழுதுவதும் ஒரே பூட்டுக்குள், அதாவது ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்கும்படி, நடக்க வேண்டும். இல்லையேல் இருவருக்குமே 'இருக்கிறது' என்று பதில் போகும். பூட்டு வைத்தால் கொஞ்சம் தாமதமாகும் என்பதால் பல கடைகள் வேறு வழியைப் பிடிக்கின்றன: இரண்டு பெல்ட்டைக் கணக்கிலேயே ஒதுக்கிவைத்து, 11 இருக்கும்போது 9 என்று காட்டுவது.