ஜிடேனுக்கு எத்தனையாவது இடம்?

தேடல் தரவுகளைப் பார்த்து அறிக்கை எழுதுவது என் பிழைப்பு. கால்பந்து ஆடிவிட்டுப் பயிற்சியாளரானவர்களில் இணையத்தில் யார் முதலிடம் என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டிருந்தார். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் அரை மணி நேரத்தில் பட்டியலை என் மேசையில் வைத்தான். உச்சியில் பிரான்ஸின் ஜினடின் ஜிடேன். எனக்கும் பிடித்தவர்தான், அதனாலேயே சந்தேகம் வந்தது.

"என்ன போட்டுத் தேடினாய்?"

"ஜிடேன் என்றுதான் சார்."

எதை எப்போது எவ்வளவு தேடினார்கள் என்று வரைபடமாகக் காட்டும் கூகுள் டிரெண்ட்ஸில் வெறும் சொல்லாகப் போட்டால் அந்தச் சொல் வரும் தேடல்கள் எல்லாம் சேர்ந்துகொள்ளும். கோல்கீப்பரான மகன் லூக்காவைத் தேடியவர்களும், ஃபைனல் ஃபேன்டசி 9 என்ற வீடியோ கேமின் நாயகனைத் தேடியவர்களும் (அவன் பெயரும் ஜிடேன்தான்) அப்பாவின் கணக்கில் வரவாகிவிடுவார்கள். பெயரைத் தட்டும்போது கீழே விரியும் வரிசையில் அந்த நபரையே தேர்ந்தெடுத்தால் கலப்படம் பெருமளவு குறையும்.

அடுத்தது, அந்த வரைபடத்தின் உச்சியில் வரும் 100. பலர் அதை மதிப்பெண் என்று நினைத்துப் பகிர்கிறார்கள். நாம் குறித்த காலத்தில், குறித்த நாட்டில், மொத்தத் தேடல்களில் அந்தப் பெயரின் பங்கு எப்போது உச்சமோ அந்தப் புள்ளிக்கு 100. மற்றவை அதற்குக் கீழே. காலத்தை மாற்றினால் கோடே மாறிவிடும்.

அந்தக் காலமும் 2004 ஜனவரியில்தான் தொடங்குகிறது. 1998 ஜூலை 12, பாரிஸை ஒட்டிய செயின்ட் டெனிஸ்: உலகக் கோப்பை இறுதியில் பிரேசிலுக்கு எதிராக இரண்டு கார்னர்கள், ஜிடேன் தலையால் முட்டி இரண்டு கோல்கள். பிரான்ஸ் 3-0 என்று வென்றது. வரைபடத்தில் அது இல்லை. 2006 ஜூலை 9, பெர்லின், மறுபடியும் உலகக் கோப்பை இறுதி: அதே தலை இத்தாலியின் மாத்தராஸியின் மார்பில் மோதியது. 110ஆவது நிமிடத்தில் சிவப்பு அட்டை. கோப்பையைத் தாண்டித் தலைகுனிந்து நடந்தார். அது மட்டும் பத்திரமாக இருக்கிறது.

பயிற்சியாளராக அவர் செய்தது சாதாரணமல்ல. 2016 ஜனவரியில் ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் அணியின் பொறுப்பை ஏற்று, 2016, 2017, 2018 என்று தொடர்ந்து மூன்று சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பியக் கிளப்புகளின் உச்சப் போட்டி) கோப்பைகள். கீவ் நகரில் மூன்றாவதை வென்ற ஐந்தாம் நாளே விலகினார். 2019இல் திரும்பி, 2021 மே மாதம் மறுபடியும் விலகினார். அதன்பின் வேலையில் இல்லாத ஆண்டுகளிலும் எங்காவது ஒரு பயிற்சியாளரின் நாற்காலி ஆடினால் போதும், வதந்தியில் அவர் பெயர் வந்துவிடும். வந்தால் தேடுவார்கள். புகழத் தேடினார்களா, திட்டத் தேடினார்களா என்று எண்ணிக்கைக்குத் தெரியாது.

பட்டியலைத் திருத்தி, மூன்று காலகட்டங்களுக்கு மூன்று வரைபடங்களாக அனுப்பினோம். "எல்லாம் சரி, முதலிடம் யார் என்று ஒரே வரியில் சொல்லுங்கள்" என்றார் வாடிக்கையாளர். எந்த நாட்டில், எந்த ஆண்டில் என்று திருப்பிக் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.