உடைத்தால்கூடப் பரவாயில்லை, சிமெண்ட் மட்டும் பூசாதீர்கள்

தீபாவளிப் புடவை விளம்பரங்களுக்கு ஆவணியிலேயே பழைய சத்திரங்களில் படம் எடுத்து முடித்துவிடுவார்கள். அதனால் பழைய கட்டடங்களைச் சீரமைக்கும் எனக்கும் ஆவணியில்தான் போன் வரும். போன வாரம் வந்தது இந்த வருஷத்தில் மூன்றாவது. வாலாஜாபேட்டைப் பக்கம் ஒரு பழைய அன்னசத்திரம். காவல்காரப் பெரியவர் பேசினார்.

"சார், போட்டோ எடுக்க வந்தவங்க சுவத்துல கொஞ்சம் பேத்துட்டாங்க. ஆனா நல்ல பசங்க சார். போறப்ப அவங்களே சிமெண்ட் வச்சுப் பூசிட்டாங்க."

போய்ப் பார்த்தேன். முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் திரைத்துணி கட்டுவதற்காக டிரில் போட்டு நான்கு ஓட்டை. இரண்டு இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்திருந்தது. அதில் சிமெண்டை அப்பி, பட்டி தேய்த்து, வெள்ளையும் அடித்திருக்கிறார்கள். நேர்த்தியான வேலைதான். அதுதான் வயிற்றெரிச்சல்.

சுண்ணாம்பு பலவீனம், சிமெண்ட் பலம், பலமானதை வைத்தால் நல்லதுதானே என்று படித்தவர்களே கேட்கிறார்கள். எத்தனை தடவை சொல்லிவிட்டேன், இன்னொரு தடவை சொல்கிறேன். இந்தச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். மண்ணிலிருந்து ஏறும் ஈரத்தைத் தடுக்க அடியில் எதுவும் கிடையாது. ஏறுகிற ஈரம் காரை வழியாக வெளியேறிக் காய்ந்துவிடும், அவ்வளவுதான் ஏற்பாடு. நடுவில் ஒரு கை சிமெண்டை வைத்தால் அந்த இடத்தில் வழி அடைபடுகிறது. ஈரம் ஓரமாகத் திரும்பும். உப்பையும் கூடவே இழுத்துவரும். அந்த உப்பு சிமெண்டைச் சுற்றியுள்ள நல்ல காரைக்குள் பூத்து அதைப் பொடியாக்கும்.

இதே மாதிரி ஒட்டு போட்ட இன்னொரு சத்திரத்தில் இரண்டு மழைக்காலம் கழித்துப் பார்த்தேன். ஒட்டு அசையவில்லை. அதைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குக் காரை உப்பியிருந்தது. விரல் முட்டியால் தட்டினால் 'டொப் டொப்' என்று காலி டப்பா சத்தம். எங்கள் கொத்தனார் பொடியைத் தொட்டு நாக்கில் வைத்து, "கரிக்குது" என்றார். கூட வந்த நிர்வாகி என்ன சொன்னார் தெரியுமா? "பாத்தீங்களா சார், சிமெண்ட் நிக்குது, சுண்ணாம்புதான் உதிருது. முழுசா சிமெண்டே பூசிடலாமா?" ஐயா, அது நிற்பதால்தான் மற்றது உதிர்கிறது!

சரி, படமே எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. காலை வெயில் முற்றத்தில் இறங்கும்போது ஆரணிப் பட்டு அழகாகத்தான் இருக்கும். ஆனால் சுவரில் ஆணி, டிரில், டபுள் சைட் டேப் எதுவும் வேண்டாம். திரை கட்ட வேண்டுமா, தனியாக நிற்கும் ஸ்டாண்டு கொண்டுவாருங்கள், காலுக்கடியில் சாக்கு போடுங்கள். அகல் விளக்குக்கு அடியில் தட்டு வையுங்கள். கல் தளத்தில் இறங்கிய எண்ணெயை நான் எடுக்க முடியாது. மர உத்தரங்கள் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை மேல் எட்டுப் பேர் ஏறி நின்று படம் எடுக்கவே எடுக்காதீர்கள். உத்தரத்தின் நுனி சுவருக்குள் எப்படி இருக்கிறதென்று கீழே இருந்து பார்த்தால் தெரியாது, அதிலும் ஆவணியில் சாயங்காலம் சாயங்காலம் மழை.

அனுமதி விஷயம். வேலூர்க் கோட்டையில் ட்ரைபாட் வைக்கவே தொல்லியல் துறையைக் கேட்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. சத்திரங்கள் பல எந்தப் பட்டியலிலும் இல்லாததால் கேட்பாரில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். காவல்காரர் கையில் ஐநூறு ரூபாய் கொடுத்தால் அது அனுமதி ஆகிவிடாது. அறக்கட்டளையோ அறநிலையத் துறையோ, யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர்களிடம் எழுதி வாங்குங்கள்.

அப்புறம், திண்ணையில் படுத்திருப்பவர்கள். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856-இல் ரயில் வந்தது. அதுவரை நடந்தும் வண்டி கட்டியும் போனவர்களுக்குச் சோறும் திண்ணையும் சத்திரத்தில்தான். இன்றைக்கும் போக்கிடம் இல்லாத ஒன்றிரண்டு பேர் அங்கே ஒதுங்குகிறார்கள். இந்தத் தடவை அப்படி ஒரு பெரியவரை மூட்டையோடு எழுப்பி அனுப்பியிருக்கிறார்கள். பிறகு 'ஃபீல்' வேண்டும் என்று கூப்பிட்டு மாடலுக்குப் பின்னால் உட்காரவும் வைத்திருக்கிறார்கள். எனக்குச் சுவரை மட்டும்தான் சரிசெய்யத் தெரியும்.

மறுபடி சிமெண்டுக்கே வருகிறேன். மீறி உடைந்துவிட்டால் அப்படியே விட்டுவிடுங்கள். பயப்பட வேண்டாம், திட்ட மாட்டேன். சுண்ணாம்பை நீற்றி, கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் விட்டு அரைத்து, பூசி, காயாமல் ஈரம் காட்டிப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. ஓட்டைக்கு ஒரு பங்கு நேரம் என்றால், சிமெண்டைச் சுவர் அதிராமல் கொத்தி எடுக்க மூன்று பங்கு ஆகிறது. உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கீழே விழுந்த காரைத் துண்டுகளைப் பெருக்கித் தள்ளிவிடாதீர்கள். எந்த மணல், எவ்வளவு சுண்ணாம்பு என்று அதை உடைத்துப் பார்த்துத்தான் புதுச் சாந்தைச் சேர்ப்போம். ஒரு துணிப்பையில் போட்டு, எந்தச் சுவர், எந்தத் தேதி என்று சீட்டு எழுதி, காவல்காரரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.