பத்து, பற்று, பட்டு: ஏழு மாதப் பிள்ளையின் காது

கோப்பாயில் இருந்து ஒரு அம்மம்மா கேட்டிருக்கிறார்: "பேரன் ரொறன்ரோவில் பிறந்தவன், ஏழு மாதம். பகல் முழுக்க இங்கிலிஷ் கதைக்கிற இடத்திலைதான் விடுகினம். நான் வட்ஸ்அப்பில் கதைக்கிற தமிழ் அவனுக்கு ஏறுமோ?"

ஏழு மாதம் என்றால், முதற்பல் முளைத்ததைக் கொண்டாடிப் பல்லுக்கொழுக்கட்டை கொட்டுகிற வயது. பேனா, புத்தகம், நகை எல்லாவற்றையும் தட்டில் பரப்பிவிட்டு, பிள்ளை எதைத் தொடுகிறது என்று கழுத்தை நீட்டிப் பார்ப்போம். பேனா என்றால் டொக்டர்! (மினுங்குகிறதைத்தான் பிள்ளை எடுக்கும், அது வேறு கதை.) அந்தத் தட்டைவிடச் சுவாரசியமான தெரிவு ஒன்று அதே நாட்களில் அதன் காதில் நடக்கிறது.

மெல்லச் சொல்லிப் பாருங்கள்: பத்து, பற்று, பட்டு. முதலாவதில் நாக்கு நுனி பல்லைத் தொடும். கடைசியில் மடிந்து அண்ணத்துக்குப் போகும். நடுவில் உள்ளது மேல் முரசில் முட்டும். தமிழ்நாட்டில் பலர் இந்த ற்ற-வை 'ட்ர' போலச் சொல்கிறார்கள், நாங்கள் பழையபடியே வைத்திருக்கிறோம். ரொறன்ரோ என்ற பெயரின் முதல் எழுத்துக்கு ஆங்கிலேயரின் நாக்குப் போகிற இடமும் ஏறக்குறைய அந்த முரசுதான். தமிழ்நாட்டார் டிவி என்று எழுத, நாங்கள் ரீவி என்று எழுதுவதன் இரகசியம் இதுதான்.

ஆங்கிலத்தில் அந்த நடு ஒலி மட்டுந்தான். அப்படியானால் ஆங்கில வீட்டுப் பிள்ளைக்கு த-வும் ட-வும் வேறு வேறாகக் கேட்குமா? 1984இல் கனடாவின் உளவியலாளர்கள் ஜனெட் வேர்க்கரும் ரிச்சர்ட் ரீஸும் ஹிந்தி ஒலிகளை வைத்து இதைப் பிள்ளைகளிடமே கேட்டார்கள். வாய் திறக்காத பிள்ளையிடம் எப்படிக் கேட்பது? தாயின் மடியில் இருத்தி, ஒலிபெருக்கியில் 'த… த… த…' என்று போட்டுக்கொண்டே இருப்பார்கள். திடீரென்று 'ட'. அந்தக் கணத்தில் பிள்ளை தலையைத் திருப்பினால், பக்கத்து இருட்டுப் பெட்டிக்குள் வெளிச்சம் வந்து பொம்மை ஆடும். ஒலி மாறாமல் திரும்பினால் ஒன்றும் இல்லை. தாயின் காதுக்குப் பாட்டுப் போட்டு அடைத்துவிடுவார்கள், இல்லாவிட்டால் அவர் தொடையை அசைத்தே விடையைக் காட்டிக்கொடுத்துவிடுவார்!

ஆறிலிருந்து எட்டு மாதப் பிள்ளைகள் பெரும்பாலும் சரியாகத் திரும்பினார்கள். பத்திலிருந்து பன்னிரண்டு மாதத்துக்காரரில் மிகச் சிலர்தான். ஹிந்தி வீட்டுப் பிள்ளைகளோ பதினொரு மாதத்திலும் பிசகவில்லை.

காது மந்தமாகவில்லை, மூளை கொழிக்கத் தொடங்கிவிட்டது. சுளகில் கொழிக்கும்போது யாரும் எண்ணுவதில்லை. அரிசி ஒரு பக்கமும் குறுநல் ஒரு பக்கமும் தானாக ஒதுங்கும். பிள்ளையும் கேட்கிற ஒலிகளை அப்படித்தான் குவிக்கிறது. எங்கள் வீட்டில் மூன்று குவியல் சேரும். ஆங்கில வீட்டில் நடுவில் ஒரே குவியல், ஓரத்தில் வந்து விழுவதையும் அதற்குள்ளேயே தள்ளிவிடும்.

இந்த மூன்று குவியலை ஆராயச் சரியான இடம் யாழ்ப்பாணம் என்பது என் கருத்து. பெரிய இயந்திரம் தேவையில்லை: சத்தமில்லாத அறை, ஒலிபெருக்கி, பொம்மை, பொறுமை. காசைவிடக் கஷ்டம் பிள்ளைகளைக் கூட்டிவரச் செய்வதுதான். 'பரிசோதனை' என்றதும் நாவூறு பட்டுவிடும் என்று பயப்படுகிறோம். ஊரையே கூப்பிட்டுப் பல்லைக் காட்டுகிற எங்களுக்குப் பத்து நிமிடம் பொம்மை பார்ப்பதில் என்ன பயமோ!

சரி, அம்மம்மாவின் வட்ஸ்அப். 2003இல் பற்றீசியா கூல் என்ற ஆய்வாளரின் குழு, அமெரிக்காவின் ஒன்பது மாதப் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு தடவை சீன மொழி கேட்கவிட்டது. எதிரில் இருந்து விளையாடியவரிடம் பிள்ளைகள் ஒலி வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். அதே ஆட்களை ரீவியில் பார்த்தவர்களுக்கு ஒன்றும் ஏறவில்லை. ஆனால் ரீவி திரும்பிப் பதில் சொல்லாது, நீங்கள் சொல்வீர்கள். இரண்டு வயதை ஒட்டிய பிள்ளைகள் நேரடி வீடியோ அழைப்பில் புதுச் சொற்களைக் கற்கிறார்கள், பதிவு செய்த வீடியோவில் கற்பதில்லை என்று பின்னர் வந்த ஆய்வொன்று காட்டியது. ஏழு மாதத்துக்கு அது எவ்வளவு பொருந்தும் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆகவே மகளை வீட்டில் தமிழில் கதைக்கச் சொல்லுங்கள், குளிக்க வார்க்கும்போதாவது. நீங்கள் விளக்கு வைக்கிற நேரம் அவனுக்குக் காலை. அப்போது எடுங்கள். அவன் 'ஆ' என்று முடிக்கும்வரை பொறுத்திருந்து, பிறகு பதில் சொல்லுங்கள்.