பிளாட்டிபஸ்ஸ கொல்ற வலை உங்க கராஜ்லயும் கிடக்கலாம்

ஆஸ்திரேலியாவுல மெல்பன் பக்கம் வெட்னரி டாக்டரா இருக்கேன், காட்டு ஜீவராசிகளுக்கும் வைத்தியம் பாக்குறேன். பிளாட்டிபஸ்னு (வாத்து மாதிரி அலகு இருக்கிற, இங்க ஆத்துல வாழுற பாலூட்டி) சொன்னாலே எல்லாரும் கேக்குறது "முட்டை போட்டு பாலும் குடுக்குமாமே?"ன்றதுதான். ஆமாங்க, ஆத்தங்கரை மண்ணுல தோண்டின வளைக்குள்ள ஒண்ணு ரெண்டு முட்டை போடும், சுமார் பத்து நாள்ல பொரியும், காம்பு கிடையாது அதனால தோல்ல கசியுற பாலக் குடிச்சே குட்டி மூணு நாலு மாசம் வளரும். ஆனா நான் சொல்ல வந்தது வேற, தண்ணியிலயே பொழைக்கிற இந்த ஜீவன் தண்ணியில மூச்சு முட்டி சாகுது, அதுவும் நம்மளாலதான்.

இதுக்கு செவுள் கிடையாது, முங்கினா அரை நிமிஷமோ ஒரு நிமிஷமோ, அதுக்குள்ள மேல வந்தாகணும். முங்கும்போது கண்ணு காது மூக்கு எல்லாத்தையும் மூடிக்கும், அப்புறம் இரைய எப்படி பிடிக்குதுன்னா, அலகுல சுமார் 40,000 மின் உணர்விகள் இருக்கு, யாபியோ (நல்ல தண்ணியில வாழுற, இறால் மாதிரி ஒண்ணு) புழுவோ லேசா அசைஞ்சா அதோட தசையிலேர்ந்து வர்ற துளியூண்டு கரண்ட்ட வச்சே கண்டுபிடிச்சிடும். (எத்தனை தடவை படிச்சாலும் எனக்கு ஆச்சரியம் தீரல.) இப்போ யாபி பிடிக்க போடுற ஓபரா ஹவுஸ் வலைய நினைச்சுப் பாருங்க. சுத்தியும் மூடி இருக்கும், உள்ள போறது சுலபம் வெளிய வர்றது கஷ்டம், உள்ள ஏற்கெனவே யாபி துள்ளிக்கிட்டு இருக்கும். பிளாட்டிபஸ் நேரா உள்ள போயிடும், சில நிமிஷத்துல செத்துடும். ஒரே வலையில ரெண்டு மூணு கூட மாட்டும்.

மெல்பன் இருக்கிற விக்டோரியா மாநிலத்துல இந்த வலைக்கு 2019 ஜூலை 1லேர்ந்து தடை, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துல 2021லேர்ந்து. அதே 2021ல விக்டோரியா அரசு பிளாட்டிபஸ்ஸ அழியும் ஆபத்துல இருக்கிற விலங்குகள் பட்டியல்லயும் சேத்துச்சு. ஆனா பழைய வலை கராஜ்ல தூங்கிட்டுதான் இருக்கு, கேம்பிங் போறப்ப யாரோ எடுத்துட்டுப் போறாங்க. யாருக்கும் குடுக்காதீங்க, வெட்டி குப்பையில போடுங்க. யாபி வேணும்னா மேல திறந்திருக்கிற ஹூப் வலை இருக்கு, இல்ல கயித்துல கறித்துண்டு கட்டி பிடிங்க.

அணைக்கட்டு, வறட்சி, கரையில மரம் வெட்டுறதுன்னு பெரிய பிரச்சினைங்க தனியா இருக்கு, அது நம்ம ஒருத்தர் கையில இல்ல. ரப்பர் பேண்ட், முடி கட்டுற பேண்ட் நம்ம கையிலதான் இருக்கு. ரோட்டுல விழுந்தது மழைத்தண்ணி வடிகால் வழியா க்ரீக்குக்கு (சின்ன ஓடை) போயிடும், பிளாட்டிபஸ் அலகு வழியா நழுவி கழுத்துல மாட்டும், கழட்டத் தெரியாது, மாசக்கணக்குல தோல அறுத்து சதை வரைக்கும் இறங்கும். ரோமம் அவ்ளோ அடர்த்தி, விலக்கிப் பாத்தாதான் காயமே தெரியும். அதனால வளையம் எதுவா இருந்தாலும் ஒரு வெட்டு வெட்டிட்டு தூக்கிப் போடுங்க.

அடிபட்டது கண்ணுல பட்டா பாத்டப்ல தண்ணி நிரப்பி விடாதீங்க, சோர்ந்து போனது அதுலயே மூழ்கிடும். காத்து போற அட்டைப்பெட்டி, இருட்டு, சத்தம் இல்லாத இடம், போதும், தீனியும் வேணாம். வெறுங்கையால தூக்காதீங்க, ஆணுக்கு பின்னங்கால்ல விஷமுள் இருக்கு, ஆள் சாகமாட்டாங்க ஆனா மார்ஃபின் போட்டாலும் சரியா அடங்காத வலி. உடனே காட்டு ஜீவராசிகள மீட்கிற அமைப்பான வைல்ட்லைஃப் விக்டோரியாவுக்கு போன் போட்டு அவங்க சொல்றபடி செய்ங்க.